உச்சப்படி எய்திய பின்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, சங்கச் செய்யுளிலோ சைவத் திருமுறையிலோ ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடம் அதனை எதிர்பார்ப்பது முறையே. ஆயினும் சில ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாது நிற்கும் பொருள் வேறு. நம் கல்லூரியிற் கற்று, நீர்ப்பாசனம், வீதி, மின்சாரம், நில அளவை, தொலைத்தொடர்பு முதலிய துறைகளிற் புகுந்து, இன்று நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினராயுள்ள பழைய மாணவர் பலர் என்னிடம் வருகின்றனர். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவர். முடிவில் தம்மைப் பற்றியே பேசுவர். பதவி உயர்வு நின்றுவிட்டது, சம்பளம் இனி உயரப்போவதில்லை, வேலையோ கைவந்த வேலையாகிவிட்டது. இனி எஞ்சிய பத்துப் பதினைந்து ஆண்டுகளை என்ன செய்வது? இஃதே அவர்தம் வினா. இவ்வினாவுக்கு நம் மலர் ஒன்றில் விடை தேடுவது தகாத செயலன்று என்று கருதுகின்றேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு அரச சம்பளத் திட்டத்தில் எம்.என். 3 என்றோர் அளவுத்திட்டம் இருந்தது. நடுத்தரத் தொழில்நுட்பப் பதவிகள் பலவற்றுக்கு உரியது அது. மாதம் 31,040 ரூபாவில் தொடங்கி, 445 ரூபாவாகப் பத்து ஏற்றங்கள், 660 ரூபாவாகப் பதினொன்று, 730 ரூபாவாகப் பத்து, 750 ரூபாவாகப் பத்து என ஏறி, 57,550 ரூபாவில் முடியும். ஆக 41 ஏற்றங்கள். இருபத்திரண்டு வயதில் முதற்படியில் நின்றவன், ஆண்டு தவறாது ஒவ்வொரு படியாக ஏறினால் இறுதிப் படியை அறுபத்து மூன்றாம் வயதிலேயே தொடுவான். அரசோ அவனை அறுபதில் வீட்டுக்கு அனுப்பிவிடும். தொட்டானென்றே வைத்துக்கொண்டாலும், நாற்பத்தோராண்டு உழைப்பின் பயனாகச் சம்பளம் இரட்டிப்பும் ஆகவில்லை. 26,510 ரூபாவே கூடியிருக்கிறது. அதே ஆண்டின் எஸ்.எல். 1 என்னும் நிருவாகத் தரத்து அளவுத்திட்டமோ 47,615 ரூபாவில் தொடங்கி, 35 ஏற்றங்களில் 110,895 ரூபாவை அடைந்தது. கருவியைக் கையிற் கொண்டவனுடைய ஏணிக்கும் கோப்பைக் கையிற் கொண்டவனுடைய ஏணிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விலக்கங்களே காட்டும்.

ஆகவே உச்சப்படி என்று நம்மவர் சொல்வது தாளில் எழுதப்பட்ட கடைசித் தொகையை மாத்திரமன்று. தரம் ஒன்றிலிருந்து அடுத்த தரத்துக்கு ஏற இடமில்லாது போகும் நிலை ஒன்றுண்டு. வினைத்திறன்காண் தடைப் பரீட்சைகள் யாவும் முடிந்துவிட்டன. மேலே இருக்கும் பதவிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் இருப்போர் தம்மினும் இளையோர். ஆண்டேற்றம் வரும், உயர்வு வாராது. 2022இல் நாட்டின் பொருளாதாரம் குலைந்தபோது, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. மாதம் 445 ரூபா ஏற்றம் பெற்றவன் அந்த ஆண்டில் எத்தனை படி கீழிறங்கினான் என்பதை அவனே அறிவான். 2025 ஏப்பிரலிலிருந்து புதிய சம்பளத் திட்டம் படிமுறையாக நடைமுறைக்கு வந்து, அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மை. நன்று. ஆயினும் ஏணி முழுவதும் சற்று உயரத் தூக்கி வைக்கப்பட்டதேயன்றி, அதன் கடைசிப் படிக்கு மேலே புதிய படி எதுவும் பூட்டப்படவில்லை. தனியார் நிறுவனங்களில் நிலை இன்னும் மோசம். அங்கே அளவுத்திட்டம் எழுத்திலேயே இராது. உச்சப்படி எங்கே என்பது தலை முட்டிய பின்னரே தெரியவரும்.

இதனைச் சொல்லி, "பொருளாசையை விடுக, தொண்டு செய்க" என்று உபதேசிக்கத் தமிழாசிரியனுக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அவ்வாறு செய்ய யான் விரும்பவில்லை. வங்கியில் வீட்டுக்கடன், பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளை, மணவயதில் ஒரு மகள், படுக்கையில் வயோதிபத் தாய் என நிற்பவனுக்குத் தொண்டைப் பற்றிச் சொல்வது எரிகிற வீட்டில் கோலம் போடச் சொல்வது போலாகும். வெளிநாடு செல்ல வேண்டியவன் செல்லட்டும். 2022இல் வந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையிற் செல்ல இடமளித்தது. சேவை மூப்பும் ஓய்வூதிய உரிமையும் கெடா என்றும் கூறியது. அத்தகைய வழி திறந்திருக்கும்வரை, கோபத்தில் விலகற் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வது அறிவுடைமையாகாது. ஓய்வூதியம் இறுதிச் சம்பளத்தைக் கொண்டே கணிக்கப்படுவது. ஐம்பத்தைந்தை அண்மியவன் இதனை இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யான் கவலைப்படுவது செல்பவரைப் பற்றியன்று. கடன் ஓரளவு தீர்ந்து, பிள்ளைகள் தலையெடுத்து, ஊரிலேயே இருக்கத் துணிந்தவரைப் பற்றியே. இவர்களிற் பெரும்பாலோர் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகின்றனர். சிலர் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி நிருவாகப் பக்கம் தாவ முயல்கின்றனர். சிலர் மைத்துனன் பெயரிற் கொந்தராத்து எடுக்கின்றனர். இதைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை, வாசகர் அறிவர். எஞ்சியோர் காலை எட்டரைக்குக் கையொப்பமிட்டு, மாலை நாலேகாலுக்குக் கையொப்பமிட்டு, இடையில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இம்மூன்றனுள் முதல் வழியே கௌரவமானது என்பது நம்மவர் கொள்கை. கதிரை என்பதில் நமக்குள்ள மோகம் பழையது. வெயிலில் நின்று வேலை செய்தவன் இறுதியில் விசிறியின் கீழ் உட்காருவதே வாழ்க்கையின் பேறு எனத் தாய்மாரும் கருதுகின்றனர், பெண் கொடுப்போரும் கருதுகின்றனர். இக்கொள்கையையே யான் மறுக்கின்றேன். இருபத்தைந்து ஆண்டு வாய்க்காலும் துரிசும் பழகியவனை எடுத்து விடுமுறைப் படிவத்துக்கு ஒப்பமிட வைத்தால், நாட்டுக்கு நல்ல நீர்ப்பாசனக்காரன் ஒருவன் குறைகிறான். பதிலுக்குக் கிடைப்பவன் ஒரு சுமாரான எழுதுவினைஞன். இருபுறமும் நட்டம்.

உலகில் இதனை உணர்ந்தோர் உளர். ஐ.பி.எம். நிறுவனம் 1960களின் தொடக்கத்தில், தொழில்நுட்பத்திற் சிறந்தோரை முகாமையாளராக்காமலே நிறுவனத்தின் மேல்நிலைக்கு உயர்த்தும் பதவி ஒன்றை ஏற்படுத்தியது. போர்ட்ரன் என்னும் கணினி மொழியை ஆக்கிய குழுவின் தலைவர் ஜோன் பாக்கஸ் 1963இல் அப்பதவியைப் பெற்றார். அதன் பின்னரும் அவர் ஆராய்ச்சியாளராகவே இருந்தார். ஒரே நிறுவனத்தில் இரண்டு ஏணிகள்: ஒன்று ஆளை ஆள்வோர்க்கு, மற்றையது பொருளை ஆள்வோர்க்கு. நம் அரச சேவையில் இரண்டாம் ஏணி இல்லை. அது வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சம்பள ஆணைக்குழு ஒவ்வொன்றின் முன்னும் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். ஆயின் அது வரும்வரை ஐம்பது வயதினன் காத்திருக்க முடியுமா?

காத்திராதவர் இருவரின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகின்றேன். முதலாமவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இற் பிறந்தவர், பொதுவேலைத் திணைக்களத்திற் பொறியியலாளராயிருந்தவர். மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதை 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஆய்வுரையாக வாசித்தார். வெள்ளையர் ஆட்சித் திணைக்களத்தில் ஓர் உள்ளூர்ப் பொறியியலாளனின் சொல் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரமே அவர் சொல்லும் சென்றது. பதவியிலிருந்து இதனை நிறைவேற்ற முடியாதெனக் கண்டு, சேவையை விட்டு நீங்கி, 1931இல் அரசாங்க சபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். சபையிலும் அதே அருவியைப் பற்றியே பேசினார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. அவர் 1953இற் காலமானார். கண்டுவிட்டுப் போனார் என்பது ஓர் ஆறுதல். கவனிக்க: அவர் அரசியலுக்குப் போனது அரசியலுக்காகவன்று. தொழிலில் முடிக்க முடியாததை முடிப்பதற்கு வேறு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டார், அவ்வளவே. இந்தியாவில் விசுவேசுவரய்யாவும் இவ்வினத்தவர். பம்பாய் மாகாணச் சேவையில் இந்தியனுக்கு மேலே இடமில்லை என்பது தெளிவானதும் 1908இல் விலகினார். அதன் பின்னரே ஐதராபாத்தின் வெள்ளத் தடுப்பும், மைசூரின் தலைமைப் பொறியியலாளர் பதவியும், திவான் பதவியும் அவரைத் தேடி வந்தன.

எல்லாரும் தேர்தலில் நிற்க வேண்டுமென்று யான் சொல்லவில்லை. வன்னியில் அதற்கு ஆட்பஞ்சம் இல்லை.

மற்றையவர் நமக்கு நெருங்கியவர்: நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதிப் பணிப்பாளராயிருந்த எஸ். ஆறுமுகம். 1905இற் பிறந்தவர். வன்னியூடாகப் பாய்ந்து இரணைமடுவை நிரப்பி ஆனையிறவுக் கடனீரேரியில் விழும் கனகராயன் ஆற்றின் நீரை, கடலுக்கு விடாது ஏரியிலேயே தடுத்து, முள்ளியான் வழியாக வடமராட்சிப் பக்கம் கொண்டுசென்று, குடாநாட்டின் கிணறுகளை நன்னீராக்கலாம் என்று 1950களில் திட்டம் வகுத்தவர் அவரே. "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என இன்றும் பேசப்படும் திட்டம் அது. பகுதி பகுதியாய்த் தொடங்கப்பட்டது, முழுமை பெறவில்லை. திட்டம் நின்றதே என்று அவர் நின்றுவிடவில்லை. 1969இல் இலங்கையின் நீர்வளம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். குளம் குளமாக, ஆறு ஆறாக, கொள்ளளவும் கட்டின் நீளமும் பாசனப் பரப்பும் தந்து எழுதப்பட்ட நூல் அது. பின்னர் ஈழத்து இந்து ஆலயங்களைப் பற்றி எழுதினார். தொண்ணூறு வயதைக் கடந்த பின், 1997இல், இலங்கைத் தமிழர் வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றையும் வெளியிட்டார். குளங்களைப் பதிவுசெய்த அதே கை, அதே ஒழுங்கோடு, கோயில்களையும் மனிதரையும் பதிவுசெய்தது. உத்தியோக ஏணியின் மேற்படியை அவர் விட்டிறங்கிய பின் எழுதிய பக்கங்கள் எத்தனை!

இவ்வழியில் அவருக்கு முன்னோரும் உளர். நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பார்க்கர் இலங்கையின் பண்டைக் குளங்களைப் பற்றி 1909இல் நூல் வெளியிட்டார். அடுத்துக் கிராமத்துக் கதைகளையும் மூன்று தொகுதிகளாகத் தொகுத்தார். நில அளவைத் திணைக்களத்தில் 1910இற் சேர்ந்த ஆர். எல். புரோகியர், வடபகுதிக் குளங்களையும் உள்ளிட்டு, பண்டை நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி 1934, 1935இல் மூன்று பாகங்கள் எழுதினார். வன்னியின் எந்தக் குளத்தைப் பற்றியும் ஆராயப் புகுவோர் இவர்களைத் தொடாது செல்ல முடியாது.

ஆனால் ஒன்று. இம்மூவரும் எழுதியது ஆங்கிலத்தில். அத்தோடு மூவரும் மேல்நிலை உத்தியோகத்தர். துரிசைத் திறந்தவன், வாய்க்காலைக் காவல் செய்தவன், கட்டில் கசிவு கண்ட இடத்தில் இரவெல்லாம் மண்மூட்டை அடுக்கியவன், இவர்கள் அறிந்தவை எழுத்தில் எங்கே? தமிழில் எங்கே? தேடிப் பார்த்தால் கைக்கு எட்டுபவை மிகச் சில. மற்ற ஊர்களுக்கு இது ஒரு குறை. வன்னிக்கு இது ஆபத்து. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீடுகளோடு ஏடுகளும் போயின, அலுவலகக் கோப்புகளும் போயின. மீண்டு வந்தபோது பல குளங்களின் பழைய விவரங்கள் சிலருடைய தலைக்குள்ளே மாத்திரம் எஞ்சியிருந்தன. அத்தலைகள் இப்பொழுது நரைத்து, ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன.

2018 டிசெம்பரை எவரும் மறந்திரார். இரணைமடுவின் புனரமைப்பு நிறைவுற்றுத் திறப்புவிழாவும் நடந்து இரண்டு கிழமை ஆவதற்குள், 21ஆந் திகதி இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. வான்கதவுகள் உரிய வேளையில் உரிய அளவு திறக்கப்பட்டனவா என்ற வினா எழுந்தது, விசாரணையும் நடந்தது. யார் சரி, யார் பிழை என்பது இவ்விடத்து என் பொருளன்று. அந்த வாரத்தில் தேநீர்க்கடைதோறும் கேட்ட பேச்சே என் பொருள். "மேலே இவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணித்தியாலத்தில் குளத்துக்கு வரும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும்" என்றார்கள். தெரிந்திருக்கலாம். அதை அவர்கள் எந்தத் தாளில் எழுதி வைத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள்? எழுதி வைக்காத அறிவு வெள்ளத்துக்கு உதவாது. பிறகு தேநீர்க்கடைக்கே உதவும்.

சில காலத்துக்கு முன், நீர்வேலையில் நெடுங்காலம் பழகிய ஒருவர், என்னினும் ஐந்தாறு வயது மூத்தவர், ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். அலுவலகப் பக்கத்துக்கு மாற்றம் கேட்டு மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்றார். "மாஸ்ரர், எனக்கு இனிமேல் வெளிவேலையில் ஒன்றும் இல்லை. அதே சம்பளம்தான். நிழலிலாவது இருப்பம்" என்பது அவர் வாதம். கடிதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. தேநீர் வந்தது. பேச்சுவாக்கில், வாய்க்காலின் கீழ்மடைக்கு நீர் போய்ச் சேராததற்குக் கமக்காரர் சொல்லும் காரணம் எது, உண்மைக் காரணம் எது என்று கேட்டேன். இரண்டரை மணித்தியாலம் பேசினார். கட்டின் வெளிப்புறத்தில் எந்தப் புல் செழித்தால் உள்ளே கசிவு என்று கொள்ளலாம். கசியும் நீர் தெளிவாயிருந்தால் எவ்வளவு பொறுக்கலாம், கலங்கி வந்தால் ஏன் ஒரு மணித்தியாலமும் பொறுக்கக்கூடாது. துரிசுக் கதவின் திருகாணி இறுகினால் சம்மட்டியைத் தொடுமுன் செய்ய வேண்டியது என்ன. சிறுபோகத்துக்கு ஏக்கர் பங்கிடும் கூட்டத்தில் விதானையார் எதைச் சொல்லாமல் விடுவார் என்றெல்லாம் ஒவ்வொன்றாக விரித்தார். "இதை எழுதுங்களேன்" என்றேன். "எனக்குத் தமிழ் எழுத வராது மாஸ்ரர்" என்றார். நம் கல்லூரியிலே பன்னிரண்டாண்டு தமிழ் கற்றவர் அவர். அம்மறுமொழி என் தொழிலைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. அதனை வேறொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம்.

மறுநாள் நினைவில் நின்றவற்றை ஒரு கொப்பியில் எழுதினேன். பன்னிரண்டு பக்கம் வந்தது. அவரிடம் படித்துக் காட்டியபோது ஏழிடத்தில் திருத்தினார், ஆறு பக்கம் கூட்டினார். கடிதத்தை அனுப்பினாரா என்று யான் கேட்கவில்லை. கொப்பி மூன்றாகியிருக்கிறது.

நிற்க. இதிலே இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, வாங்குவோர் வேண்டும். இத்தகைய அறிவை எவர் கேட்டார் என்று கேட்கலாம். கேட்போர் வந்துவிட்டனர். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது முதல், பொறியியற் தொழில்நுட்பவியலும் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியலும் கற்கும் மாணவர் வன்னிப் பாடசாலைகளிலும் பெருகியுள்ளனர். பாடநூலில் துரிசின் வரிப்படம் உண்டு; துரிசு பத்து மைலுக்குள் உண்டு; இரண்டையும் இணைத்துக் காட்டும் ஆள் வகுப்பறையில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே இடத்தில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மண்பொறியியலில் உலகறிந்த பேராசிரியர் அ. துரைராசா, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்து, வன்னி மண்ணில் இத்தகைய பீடம் அமைய வேண்டுமென்று கனாக் கண்டவர், 1994இல் மறைந்தார். கனவு கட்டடமாகிவிட்டது. அக்கட்டடத்துக்குள் ஊரின் அனுபவம் நுழைய ஒரு கதவு வேண்டும்.

நுழைவதற்குச் சான்றிதழும் இப்பொழுது இயலாத காரியமன்று. தேசியத் தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஏழாவது பட்டத்துக்குச் சமம். முன்னர்ப் பெற்ற அனுபவத்தையே மதிப்பிட்டுத் தகைமை தரும் முறையும் அதில் உண்டு. தகைமை பெற்றவர், பிறரை மதிப்பிடும் மதிப்பீட்டாளராகப் பதிவு பெறலாம். பயிற்சி நிலையங்களில் மணித்தியாலக் கொடுப்பனவுக்கு வருகைப் போதனாசிரியராகலாம். திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியற் கற்கையும் வேலையிலிருந்துகொண்டே படிக்கக்கூடியது. நாற்பத்தெட்டு வயதில் படிப்பா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோடு வகுப்பறைக்கு வந்து, பட்டதாரிகளுக்கும் எமக்குமிடையிலுள்ள ஏணி வேறுபாட்டை நாள்தோறும் கண்டுவரும் எம்போன்றோர் இச்சிரிப்புக்குப் பழகியவர்களே.

இரண்டாம் தடை பணம். பெரியவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, இலவசமாகப் பேசவிட்டு, குளிர்பானம் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். அது மரியாதை போலத் தோன்றும் அவமதிப்பு. ஏணி நின்ற இடத்தில் தவிப்பவனிடம், "உன் அறிவு விலைமதிப்பற்றது" என்று சொல்லி விலை கொடாதிருப்பது எத்தகைய நியாயம்? கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள நம் பழைய மாணவர் கல்லூரிக்கு மதிலும் வளைவும் மேடையும் கட்டித் தந்திருக்கின்றனர். நன்றி. இனி ஒரு மதிலின் செலவை மனிதருக்குத் தரட்டும்.

என் முன்மொழிவு சிறியது. நூலகத்தை அடுத்துள்ள சிறிய அறையைச் சனிக்கிழமைகளில் இதற்கென ஒதுக்கலாம். உச்சப்படி எய்திய பழைய மாணவர் ஒருவர் வருவார். தம் தொழிலில் ஒரு பொருளைப் பற்றி, கருவியோடும் படத்தோடும், இரண்டு மணித்தியாலம் பேசுவார். தொழில்நுட்பப் பிரிவு மாணவர் இருவர் கேட்டு எழுதுவர். எழுத்தைத் திருத்தும் பணி தமிழ்ப் பகுதியினராகிய எம்முடையது. பொருளைத் திருத்தும் பணி பேசியவருடையது. "வராது" என்பவர் எழுத வேண்டியதில்லை, சொன்னாற் போதும். ஆண்டிறுதியில் அவை சிறு நூலாகட்டும்; ஒரு பிரதி பேசியவர் கையிலும், ஒரு பிரதி உரிய திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் சேரட்டும். மின்கம்பி இழுத்தவர், வீதிக்குக் கிரவல் பரப்பியவர், நில அளவைச் சங்கிலி பிடித்தவர், குழாய்க்கிணறு தோண்டியவர் என எல்லாத் துறையினர்க்கும் இடம் உண்டு. பெண்கள் இத்துறைகளுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. அவர்களையும் அழைக்க வேண்டும்.

மாணவர்க்கும் ஒரு சொல். தொழிலைத் தெரிவு செய்யும்போது தொடக்கச் சம்பளத்தைக் கேட்கிறீர்கள். கடைசிச் சம்பளத்தையும் கேளுங்கள். அது மட்டுமன்று. அத்தொழிலில் இருபது ஆண்டு இருந்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, காலையில் எழும்போது வேலைக்குப் போக மனம் வருகிறதா என்று கேளுங்கள். கேட்கத் துணிவு இல்லாவிடின் சனிக்கிழமை அந்த அறைக்கு வாருங்கள். கேள்வியை யாம் கேட்கிறோம்.

கொடுப்பனவைப் பற்றி: ஓர் அமர்வுக்கு, பயிற்சி நிலையங்கள் வருகைப் போதனாசிரியருக்கு வழங்கும் மணித்தியால வீதத்திலும் குறையாத தொகை எனத் தொடங்கலாம், போக்குவரத்துச் செலவு புறம்பாக. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு செயலாளரை வேண்டுகின்றேன். முதற் சனிக்கிழமைக்கு வர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தலைப்பு: கட்டில் கசிவு. கொப்பி மூன்றும் அவர் கையிலேயே உள்ளன.